தேருக்காக விழுங்கிய மாத்திரை

மகனே, ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசி முடித்ததும் கையில் இருந்த டீ டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தேன். எவர்சில்வர் டம்ளர், உடையவில்லை, நசுங்கிப்போனது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னாக்கா, மகனுக்குப் பெரிய வேலையாமே, சந்தோசத்துல சாமானை உடைக்கிறியா?" என்று சிரித்தாள். நம் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் ஒரு வீட்டுச் சுவரில் காதை வைத்தால் அடுத்த இரண்டு வீட்டு விஷயமும் கேட்கும் என்பது உனக்குத் தெரியாததா? போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், நீ பேசியதை எல்லாம் அவள் கேட்டிருக்கிறாள். அவளுக்கு நான் சொன்ன பதிலைக் காகிதத்தில் எழுத முடியாது.

நீ சொன்னது இதுதான். "அம்மா, காசநோய்க்காரங்க மாத்திரையைப் பாதியில விடாம சாப்பிட்டு முடிச்சா பரிசுப் பணம் குடுக்கிற திட்டம்மா. பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டெல்லாம் என் பொறுப்பு. நம்ம லயத்துலதான் முதல்ல ஆரம்பிக்கப் போறேன். தனி ஆளுக்குக் குடுத்தா குடிச்சே தீர்த்துடுவான். லயத்துக்கே மொத்தமாக் குடுத்தா ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்க." எவ்வளவு பெருமையாகச் சொன்னாய்! "நல்லா இருப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஏனென்றால், வாயைத் திறந்தால் உன்னைத் திட்டிவிடுவேன். பெற்ற பிள்ளை முதல் பெரிய வேலையைச் சொல்லும்போது திட்டுகிறவள் என்ன தாய் என்று அடக்கிக்கொண்டேன். அடக்கியது போதும். சாந்தமாகப் புத்தி சொல்கிற அம்மா வேண்டுமென்றால் வேறு வீட்டில் பிறந்திருக்க வேண்டும் நீ.

உன் செல்லையா மாமா மஞ்சள் காமாலையில் செத்தான் என்று உனக்குச் சொன்னோம். உன் அப்பாவின் வலது கையில் இரண்டு விரல் டீச் செடியைக் கவாத்து வெட்டும்போது போய்விட்டது என்றும் சொன்னோம். நீ அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய், பரீட்சை நேரம். படிக்கிற பிள்ளையைக் கலக்கக்கூடாது என்று லயமே சேர்ந்து வாயை மூடிக்கொண்டது. பிறகு அது அப்படியே பழகிவிட்டது. இப்போது நீயே வந்து எங்கள் வாயைத் திறக்க வைத்துவிட்டாய்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வைத்தியத்துக்குக் காசு கொடுப்பதே தப்பு என்று சொல்கிற ஆள் நான் இல்லை. நீயே அப்படிப் பிறந்தவன்தான். அந்தக் காலத்தில் இந்த எஸ்டேட்டில் மாசமாக இருக்கிற பொம்பளை ஒருத்தியும் செக்கப்புக்குப் போகமாட்டாள். போனால் அன்றைக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் கூலி கிடையாது. வயிற்றுப் பிள்ளையோடு மழையில் கொழுந்து பறிப்பாளே தவிர ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாள். அப்போது இருந்த மேனேஜர், டிஸ்பென்சரிக்குப் போகிற நாளுக்கு முழுப் பேர் போடச் சொன்னார். அவ்வளவுதான், மறுநாளே வரிசையில் நின்றோம். கூலியோடு உட்கார்ந்து இருக்கலாம் என்றுதான் நானும் போனேன், உன்மேல் இருந்த அக்கறையில் இல்லை, பொய் சொல்வானேன். நர்ஸம்மா கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவளுக்கு பிரஷர் ஏறிக் கிடக்கு, ஜீப்பைக் கூப்பிடுங்க" என்று கத்தினாள். அன்று சாயங்காலம் கூடலூரில் நீ பிறந்தாய். அந்த ஒரு நாள் கூலி இல்லாவிட்டால் இரண்டு பேரையும் சேர்த்துப் புதைத்திருப்பார்கள். அதனால் காசின் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் காசு யார் கைக்குப் போனது பார். நோவு யாருக்கோ அவள் கைக்குப் போனது. என் வயிற்றுக்காகப் பக்கத்து வீட்டுக்காரிக்கு யாரும் பரிசு தரவில்லை.

இனி தேர்க் கதை. நம் லயத்து மாரியம்மனுக்குத் தேர் இல்லாமல் இருந்தது உனக்கு நினைவிருக்கும். சிலோனிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து எஸ்டேட்டின் மேல் டிவிஷன்காரர்களின் தேரைத்தான் திருவிழாவுக்கு இரவல் வாங்குவோம். ஒவ்வொரு வருஷமும் தாம்பூலத்தோடு போய்க் கேட்க வேண்டும், அவர்கள் ஒவ்வொரு வருஷமும் நாலு சொல் சொல்லிவிட்டுத்தான் தருவார்கள். "உங்க அம்மாளுக்கு எங்க தேர் இல்லாட்டி நடைதான்" என்பான் ஒருவன். ஒரு வருஷம் தேர்க் கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். நம் ஆட்கள் அம்மனைத் தோளில் சுமந்து போகும்போது மேலே ரோட்டிலிருந்து சிரித்தார்கள். அன்று கல் பறந்தது. உன் அப்பாவுக்கு மண்டை உடைந்தது, மேல் டிவிஷனில் ஒருவனுக்குத் தாடை இறங்கியது. போலீஸ் வந்து இரண்டு பக்கமும் அள்ளிக்கொண்டு போனது. அன்றிலிருந்து நம் லயத்தில் தேர் என்ற சொல்லைச் சொன்னாலே ஆண்களுக்குக் கண் சிவக்கும்.

அந்த நேரத்தில்தான் ஏதோ ஒரு டிரஸ்டிலிருந்து ஒரு பையன் வந்தான். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன், ஒல்லியாக, வாய் நிறைய மரியாதையாகப் பேசுவான். நம் லயத்தில் ஐந்து பேருக்குக் காசநோய். அந்த ஐந்து பேரும் மாத்திரையை முழுசாக முடித்தால் பணம் தருவதாகச் சொன்னான். யாருக்குத் தர வேண்டும் என்று கூட்டத்தில் நம்மையே கேட்டான். நோயாளி கையில் கொடுத்தால் சாராயத்துக்குப் போகும் என்று லயத் தலைவர் பெரியசாமி எழுந்து சொன்னார். லயத்துக்குக் கொடுங்கள், தேர் செய்கிறோம் என்றார். கைதட்டல் எழுந்தது பார், தகரக் கூரை அதிர்ந்தது. நானும்தான் தட்டினேன். "ஐந்து பேர்ல ஒருத்தர் விட்டாக்கூட பணம் வராதுங்க, ஏனுங்க, எல்லாரும் பொறுப்பாப் பாத்துக்கணுமுங்க" என்று அந்தப் பையன் சொன்னான். ஐந்தாவது ஆள் என் தம்பி செல்லையா.

மாத்திரை கொடுப்பது வீட்டில் இல்லை, பெரட்டுக்களத்தில். காலையில் எல்லோரும் கூடி நின்று, கங்காணி பேர் கூப்பிட்டு யாருக்கு எந்த மலை என்று பிரித்துவிடுகிற அதே இடம். ஐந்து பேரும் முன்னால் வந்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்ட வேண்டும். பெரியசாமி எட்டிப் பார்த்து "சரி" என்ற பிறகுதான் பெரட்டு கலையும். முதலில் சிரிப்பும் கேலியுமாகத்தான் இருந்தது. மற்ற நாலு பேரும் தேறினார்கள், எடை கூடினார்கள், அதை மறைக்கவில்லை. மாத்திரைமேல் நான் ஒரு சொல் பழி சொல்லமாட்டேன். அந்த நாலு பேரும் இன்றைக்கும் நடமாடுவது அந்த மாத்திரையால்தான்.

செல்லையாவுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சோற்றைக் கண்டாலே குமட்டல். பச்சை பச்சையாக வாந்தி எடுப்பான். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, ஒண்ணுக்கு சாயத்தண்ணி மாதிரி கறுப்பாப் போகுதுக்கா. என்னால ஏலாதுக்கா" என்றான். பார்த்தேன், கண் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருந்தது. அந்த டிரஸ்ட் பையனிடம் போய்ச் சொன்னேன். "அது ஆரம்பத்துல சில பேருக்கு வர்றதுதானுங்கக்கா, போகப் போகச் சரியாயிடுமுங்க" என்றான். முடித்தவர் எத்தனை பேரோ அத்தனைக்குத்தான் அவன் சம்பளத்தில் கூடுதல் விழும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நிறுத்தச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அவனுக்கு ஒன்றும் கிடையாது, பழிதான் வரும். ஒரு சின்னப் பையனை அப்படி ஒரு இடத்தில் நிற்க வைத்தவர்கள் யார் என்று நான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் தம்பியோ முன்பெல்லாம் குடித்தவன். அதனால் லயத்தில் ஒருவரும் அவன் சொல்லை நம்பவில்லை. "மாத்திரை சாப்பிட்டா குடிக்க முடியாதுல்ல, அதான் நடிக்கிறான்" என்றார்கள். உன் அப்பாவும் அதைத்தான் சொன்னார்.

கவாத்துக் காலம் அது. ஆண்கள் எல்லோரும் கையில் கவாத்துக் கத்தியோடு பெரட்டுக்கு வந்து நிற்கிற நாட்கள். செல்லையா அன்று மாத்திரையை வாங்கிக் கீழே எறிந்தான். "செத்தாலும் தேருக்காகச் சாக ஏலாது" என்று கத்தினான். பெரியசாமி அறைந்தார். என் தம்பி திருப்பி அறைந்தான். அவ்வளவுதான், குளவிக் கூடு கலைந்த மாதிரி ஆகிவிட்டது. எட்டி உதைத்தார்கள், முடியைப் பிடித்து இழுத்தார்கள். "ஒருத்தனால மொத்த லயமும் மானங்கெடணுமா?" என்று பொம்பளைகளே கத்தினார்கள். அவனை மல்லாத்திப் போட்டு ஒருவன் நெஞ்சில் உட்கார்ந்தான். ஒருவன் தலையைப் பிடித்தான். பெரியசாமி மூக்கைப் பொத்தி, வாய் திறந்ததும் கட்டை விரலால் மாத்திரையைத் தொண்டைக்குள் தள்ளினார். பல் ஒன்று உடைந்து ரத்தத்தோடு வெளியே வந்தது. உதறிய காலைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தது உன் அப்பா. "சாப்பிட்டுத் தொலை மாப்ள, எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினார்.

இரண்டு கையாலும் காலைப் பிடிப்பதற்காக உன் அப்பா தன் கத்தியைக் கீழே வைத்திருந்தார். அதைத்தான் எடுத்தேன். விடுங்கள் என்று ஒரு தடவை சொன்னேன். விடவில்லை, வெட்டினேன். உன் அப்பா என்று தெரிந்துதான் வெட்டினேன். கை தவறிப் பட்டது, ஆவேசத்தில் கண் தெரியவில்லை என்றெல்லாம் கதை சொல்லமாட்டேன். அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை. இரண்டு விரல் மண்ணில் விழுந்தது. நெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் தோளிலும் ஒரு போடு போட்டேன், அவன் அலறிக்கொண்டு டீச் செடிக்குள் விழுந்தான். பெரியசாமி ஓடியே போனார். அத்தனை பெரிய கூட்டம் ஒதுங்கி நின்றது. என் தம்பி தரையில் கிடந்து ரத்தமும் பித்தமுமாகக் கக்கினான், அதில் மாத்திரை வரவில்லை.

ஒரே ஜீப்தான் இருந்தது. பின்னால் ஒரு பக்கம் செல்லையா, எதிர்ப் பக்கம் துண்டால் கையைச் சுற்றிக்கொண்டு உன் அப்பா, நடுவில் நான். கூடலூர் போகிற வழியில் செல்லையா, "மச்சானுக்கு ரத்தம் நிக்கலக்கா, கையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லு" என்றான். தன் காலைப் பிடித்து அழுத்தியவனுக்காகச் சொன்னான் மகனே! அதைக் கேட்டுத்தான் உன் அப்பா வாய்விட்டு அழுதார். டாக்டரம்மா செல்லையாவின் கண்ணைப் பார்த்ததும், "யாரு இவருக்கு இன்னும் மாத்திரை குடுத்தது? ஈரல் வெந்து போயிருக்கு. கண்ணு மஞ்சளான அன்னைக்கே நிறுத்திட்டு இங்க வந்திருக்கணும். ஈரல் தேறின பிறகு வேற மாத்திரை குடுத்திருப்போமே" என்றார். ஊட்டிக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து கோயம்புத்தூர். நீ படித்துக்கொண்டிருந்த அதே ஊரில், நீ பஸ் ஏறுகிற ரோட்டில்தான் அந்த ஆஸ்பத்திரி. அங்கேதான் அவன் நினைவு தப்பி, ஆளைத் தெரியாமல், கட்டிலில் கட்டிப்போட்டபடி செத்தான்.

காரியத்துக்கு அந்தப் பையன் வந்தான். ஒரு ஓரமாக நின்றான், கண் கலங்கித்தான் இருந்தது. பெரியசாமி அவனைத் தனியே கூட்டிப்போய் ஏதோ கேட்டார். நான் பின்னாலேயே போய் நின்றேன். "இறந்தவங்க கணக்குல வரமாட்டாங்க. பாதியில விட்டாத்தான் உங்களுக்குப் பணம் வராமப் போகுமுங்க. இவரு விடலீங்களே, இறந்துதானுங்க போயிட்டாரு. மிச்ச நாலு பேரும் முடிச்சிட்டாப் போதுமுங்க. உங்க லயத்துக்குப் பணம் வந்துருமுங்க" என்றான். அவன் சொல்லி முடிக்கவில்லை, என் காலில் கிடந்த செருப்பு கைக்கு வந்துவிட்டது. முகத்திலேயே அடித்தேன். வாய்க்காலில் விழுந்தான், விழுந்த இடத்திலும் அடித்தேன். "அக்கா, நான் சம்பளத்துக்கு வந்தவனுங்க, ரூல் நான் போடலீங்கக்கா" என்று கையால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதான். அப்போதுதான் பார்த்தேன், உன் வயதுதான் இருக்கும். உன்னைப் போலவே கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு இருந்தது. அதற்கு மேல் அடிக்க முடியவில்லை.

தேர் வந்தது. நல்ல தேர், வேங்கை மரம். போன வருஷம் நீ வடம் பிடித்து இழுத்தாய், போட்டோகூட எடுத்து அனுப்பினாய். நம் வாசலுக்கு அது வரும்போது நான் ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறேன் என்று கேட்டாய், தலைவலி என்று சொன்னேன். உன் அப்பா இத்தனை வருஷமாக அந்தத் தேரைத் தொட்டதில்லை. நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பானையில் சாப்பிடுகிறோம், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

இப்போது நீ அந்தப் பையன் நின்ற இடத்துக்கு மேலே, ரூல் போடுகிற இடத்துக்குப் போயிருக்கிறாய். அதனால்தான் கேட்கிறேன். உன் திட்டக் கணக்கில் செத்தவன் எந்தப் பக்கம் வருவான்? மாத்திரையை முடிக்க வைத்தவனுக்குக் காசு கொடுக்கிறாய், சரி. ஒருவன் கண் மஞ்சளாவதைப் பார்த்து, இன்றைக்கு நிறுத்து என்று சொல்கிற நர்ஸுக்கு என்ன கொடுப்பாய்? மாத்திரை வேண்டாம் என்கிறவனிடம் ஏன் வேண்டாம் என்று உட்கார்ந்து கேட்கிறவனுக்கு என்ன கொடுப்பாய்? காசு கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளின் கூலியைக் கொடு, பஸ் காசைக் கொடு, முட்டைக்கும் பருப்புக்கும் கொடு. அதை நோயாளியின் கையில் கொடு. குடித்தால் குடித்துவிட்டுப் போகட்டும், அது அவன் காசு. அவன் உடம்பை ஊருக்கு ஏலம் விடாதே. நாம் ஏழைகள்தான், ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுப்போம் என்பதும் நிஜம்தான். ஆனால் நம் மானத்தை ஒருத்தன் தொண்டையில் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் அந்தத் தொண்டையை நாமே நெரிப்போம். நான் கண்ணால் பார்த்தேன்.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்று உன் அப்பா சத்தியம் வாங்கிக்கொண்ட ஒரு விஷயம் இருக்கிறது. சத்தியத்தை மீறிச் சொல்கிறேன். போன மாதம் இருமலில் ரத்தம் வந்து, கூடலூரில் சளியைப் பார்த்தார்கள். அவருக்கும் காசநோய்தான். மாத்திரை ஆரம்பித்தாயிற்று, ஆஸ்பத்திரியில் கொடுத்ததை வீட்டில் வைத்து ஒழுங்காகத்தான் போடுகிறார். பக்கத்து வீட்டுக்காரி உன் போன் பேச்சைக் கேட்டாள் அல்லவா, திங்கட்கிழமையே லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மேல் டிவிஷன்காரர்கள் கோயிலுக்கு மண்டபம் கட்டிவிட்டார்களாம், நமக்கும் கட்ட வேண்டுமாம். உன் பணம் இன்னும் வரவில்லை, திட்டமே ஆரம்பிக்கவில்லை. அதற்குள் காலையில் பையன்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். "பெரியப்பா, மாத்திரை போட்டாச்சா? வாயைத் தொறங்க, பாப்போம்" என்கிறார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். பெரியசாமியின் மகனும் அதில் இருக்கிறான். உன் அப்பா வாயைத் திறந்து காட்டுகிறார்.

நேற்று அவர் குழாயடிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். யாரும் பார்க்கக்கூடாது என்று அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்டி மூடினார். நாளைக்கு முதல் பஸ்ஸில் கூட்டிப்போய் ரத்தம் பார்க்கப் போகிறேன், அதைப் பற்றி நீ பயப்படாதே. உள்ளே வந்து உட்கார்ந்தவர், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பேரைச் சொன்னார். "செல்லையாவப் பிடிச்ச மாதிரி நாளைக்கு என்னைப் பிடிக்க வந்தா, நீ குறுக்க வருவியா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை மகனே. அது தெரிய வேண்டிய நாள் ஒன்று இந்த வீட்டுக்கு வரத்தான் வேண்டுமென்றால், அதைக் கொண்டுவருகிறவன் நீயாக இருக்காதே.

அம்மா